பத்தாவது எழுத்து

2024 ஆகஸ்டு 17, சனிக்கிழமை. ஆவணி முதல் தேதி. ஐந்தேகாலுக்கு எழுந்து, பால் பாக்கெட்டைக் கழுவி அடுப்பில் வைத்தேன். மோட்டார் போட்டு, தொட்டி வழியும் முன் அணைத்தேன். காப்பியைக் குடித்துக்கொண்டே முந்தின நாள் டைரியில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. வீட்டுக்காரர் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டு வெயிலில் உட்கார்ந்தார். துணி துவைத்துக் காயப்போட்டு, எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினேன். சனிக்கிழமை அரை நாள்தான். மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கார் பார்க்கப் போவதாக இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் யூனிட்டில், தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். காஸ் துணியின் மேல் சிறிய பூதக்கண்ணாடியை வைத்து இழை எண்ணுவதும், பெட்டியில் அச்சிட்ட லாட் நம்பரும் உள்ளே இருக்கும் ரோலின் நம்பரும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்ப்பதும் என் வேலை. ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கிலும், இரண்டு மாதிரி எடுப்போம். ஒன்றைச் சோதிப்போம். இன்னொன்றைக் கவரில் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். யாராவது புகார் சொன்னால்தான் அந்தக் கவரைப் பிரிப்போம். பல வருடப் பழக்கம் என்பதால் வீட்டிலும் எதையும் இரண்டாக எடுத்துவைப்பேன். வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடத்திலிருந்து பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். கார் இருக்கும் இடத்தைச் சொன்னவன் என் தம்பி. ஒரு பள்ளிக்கூடத்தில் வேன்களையும் டிரைவர்களையும் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. புதிதாக வேலைக்குச் சேரப்போகும் டிரைவர் ஒருவர் தன் காரை விற்கிறார் என்றான்.

"ஒரு டாக்டர்ட்ட ரொம்ப வருசம் ஓட்டுனவருக்கா. டாக்டர் பிள்ளைகளோட போய் இருக்கப் போனப்ப காரை இவரு பேருக்கே மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அதுக்குப் பொறவு நிரந்தர வேலை இல்ல. ஆக்டிங் டிரைவராத்தான் போயிட்டு வந்தாரு. இப்ப நம்ம வேனை ராத்திரி அவரு வீட்லதான் நிப்பாட்டணும். வாசல்ல ஒரு வண்டிக்குத்தான் இடம். அதான் காரைக் குடுக்காரு."

திங்கட்கிழமை அவர் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் காரை விற்றாக வேண்டும். ஆனால் ஆடியில் வண்டி கைமாறக் கூடாது என்று அவர்தான் எங்களை ஆவணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

போவதற்கு முன் படிக்க வேண்டியதைப் படித்து வைத்திருந்தேன். பழைய வண்டி வாங்குபவர்கள் டயரையும் பெயின்ட்டையும் பார்ப்பார்கள். எனக்கு நம்பர்தான் முக்கியம். வண்டியின் உடம்பிலேயே பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்டது. முதல் மூன்றும் எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லும். நம் நாட்டு வண்டிகள் பெரும்பாலும் M, A என்று தொடங்கும். நடுவில் இருப்பவை மாடல், எஞ்சின் வகை. கடைசியில் வரிசை எண். I, O, Q மூன்றும் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். இந்தக் காரைச் செய்த கம்பெனியின் வண்டிகளில் பத்தாவது எழுத்து செய்த வருடம். A என்றால் 2010, B என்றால் அடுத்த வருடம். இப்படியே விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனால் வண்டியின் வயது தெரிந்துவிடும். ஆர்.சி. அட்டையில் 2016 என்று இருப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். அப்படியானால் பத்தாவது எழுத்து G ஆக இருக்க வேண்டும்.

டிரைவரின் வீடு மம்சாபுரம் போகும் ரோட்டில், உள்ளே ஒரு சந்தில். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். அவர் மனைவி முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கண்ணாச்சி, வாங்கக்கா. ஆடி கழியட்டும்னு உங்களை நான்தான் நிப்பாட்டி வச்சுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீக."

"எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு ஒண்ணுதான். வண்டிக்கு வேற வேறல்ல."

கார் கழுவி நின்றது. அவர் பானட்டைத் தூக்கினார். உள்ளே எஞ்சின் மேல், பேட்டரி மேல், எல்லா இடத்திலும் சந்தனம் வைத்து அதில் குங்குமம் வைத்திருந்தது. காலையில் வைத்தது, காய்ந்து வெளுத்திருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டில், சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்திலும் மூன்று பொட்டுகள். முதலிலும் கடைசியிலும் வைத்தவை நம்பரைத் தொடாமல் அதற்கு மேலே நின்றன. நடுப்பொட்டு மட்டும் கொஞ்சம் வழிந்து எழுத்துகளின் மேல் இறங்கியிருந்தது.

"அந்த நம்பர்ல போய் எதுக்கு வச்சிருக்கீக?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அதானே அண்ணாச்சி வண்டிக்கு நெத்தி."

"எனக்கு ஸ்டிக்கர் பொட்டு வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துருவாக" என்றார் அவர் மனைவி. "இதுக்கு மட்டும் மறக்க மாட்டாக."

நான் பையிலிருந்து பென்சிலையும் செல்லோ டேப்பையும் எடுத்தேன். நம்பரின் மேல் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். மேடான இடமெல்லாம் கறுப்பாகும். பொறித்த பள்ளத்தில் பென்சில் படாது. அதன் மேல் டேப்பை ஒட்டி, அழுத்தி, உரித்து எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் கறுப்பின் நடுவே நம்பர் வெள்ளையாகத் தெரியும். பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

"அக்காவைப் பாத்தா பிரேக் இன்ஸ்பெக்டர் தோத்துருவாரு போலயே" என்றார் டிரைவர்.

"கல்யாணத்துக்கு முன்னால என்னையும் இப்படித்தான் பானட்டைத் தூக்கிப் பாத்தா" என்றார் வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தகட்டின் தூசியைத் துணியால் துடைத்தேன். சந்தனம் இருந்த இடத்துக்கு வந்ததும் என் கை நின்றது. துணி பொட்டைச் சுற்றிப் போயிற்று, பொட்டைத் தொடவில்லை. அவர் பக்தியோடு வைத்ததை அவர் கண் முன்னாலேயே துடைத்தால் மனம் புண்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். சிறு வயதில், பக்கத்து வீட்டில் கொடுத்த விபூதியை வாங்கிக்கொண்டு வந்ததற்காக அம்மா என் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன், எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன். ஆனால் விரல் மட்டும் அந்தச் சோப்பை மறக்கவில்லை. சந்தனம் இருந்தபடியே அதன் மேலும் பென்சிலைத் தேய்த்தேன்.

ஒரு பிரதி எடுத்தேன். பழக்க தோஷத்தில் திரும்பவும் தேய்த்து இன்னொன்றும் எடுத்தேன். இரண்டாவதைச் சிறு தாளில் ஒட்டி மடித்து, பார்க்காமலேயே மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன். அது அலமாரிக்குப் போகும் மாதிரி.

வீட்டுக்காரரும் டிரைவரும் மம்சாபுரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரப் போனார்கள். நான் டிரைவர் கொடுத்த ஆர்.சி. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு முதல் பிரதியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்த்தேன். ஒன்பது வரைக்கும் சரி. பத்தாவது, அட்டையில் G. என் பிரதியில் C.

மறுபடி பார்த்தேன். C தான். உள்ளே குறுக்குக் கோடு இல்லை. C என்றால் 2012. மீதி ஏழும் சரியாக இருந்தன.

என் யூனிட்டில் பெட்டியும் ரோலும் ஒத்துவராவிட்டால் லாட் முழுவதையும் நிறுத்திவிடுவேன். யாரிடமும் விளக்கம் கேட்க மாட்டேன். கேட்டால் விளக்கம் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அன்றைக்கும் என் மனம் அப்படித்தான் போயிற்று. தகடு பொய் சொல்லாது, எனவே அட்டைதான் பொய். நாலு வயதைக் குறைத்துக் காட்ட ஒரு எழுத்தை மாற்றினால் போதும்.

டிரைவரின் மனைவி மோர் கொண்டுவந்தார். பக்கத்தில் நின்றபடியே பேசினார்.

"திங்கக்கிழமையில இருந்து காக்கிச் சட்டைக்கா. தச்சு வாங்கியாச்சு. புதுத்துணி முறுமுறுன்னு இருக்குன்னு ஒரு தடவை நனைச்சுப் போட்டிருக்கேன்."

கொடியில் அந்தக் காக்கிச் சட்டை கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு காய்ந்தது. நான் மோரைக் குடித்தேன். பிறகு அவர் வேலியோரம் நின்ற செடியில் ஒரு பெரிய கொத்து கறிவேப்பிலை ஒடித்து என் பையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டி திரும்பி வந்தது. வீட்டுக்காரர் முகத்திலேயே தெரிந்தது, அவருக்குப் பிடித்துவிட்டது. வாயைத் திறக்கும் முன் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"யோசிச்சுட்டுச் சொல்றோம்" என்றேன்.

டிரைவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏதும் குறையாக்கா?"

அப்போது கேட்டிருக்கலாம். அட்டையையும் தாளையும் அவர் கையில் கொடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "குறையெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்று மட்டும் சொன்னார். கறிவேப்பிலை வாசம் பையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு தம்பிக்குப் போன் செய்தேன்.

"நம்பர்ல கை வச்சிருக்குலே. அட்டையில ஒண்ணு, வண்டியில ஒண்ணு."

"நல்லாப் பாத்தியா?"

"என் வேலையே அதுதான்."

"நல்லவேளை சொன்னே. பச்சப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போற வண்டி. திருட்டுத்தனம் இருக்க ஆளை எப்படி வைக்கது? வேற ஆள் போட்டாச்சுன்னு அவருட்டச் சொல்லிருதேன். வாட்ஸ்அப்ல டிரைவர் குரூப்லயும் ஒரு வார்த்தை போடுதேன். வேற பள்ளிக்கூடத்துக்காரன் எவனாவது ஏமாந்துறக் கூடாதுல்ல."

"நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றேன்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். தப்பாகப் படிப்பது யாருக்கும் நடக்கும். சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்கூட, என் பெயர் வெளியே வரக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன்.

ஆறரை மணிக்கு வீட்டுக்காரரின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, நான்தான், கார்க்காரன். வண்டியை நீங்க வேற இடத்துலயும் பாத்துக்கிடுங்க. எனக்கு அவசரம் இல்லாமப் போயிருச்சு."

"என்னாச்சு?"

"ஸ்கூல்ல வேற ஆள் போட்டுட்டாகளாம். செத்த நேரத்துக்கு முன்னாலதான் போன் வந்துச்சு. என்ன காரணம்னு தெரியல." குரல் கொஞ்சம் தயங்கியது. "அக்கா பக்கத்துல இருக்காகளா? அவுகளுக்குத் தம்பிதான அந்த சாரு. எனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன். அக்கா சொன்னாக் கேப்பாருன்னு என் வீட்ல சொல்லுதா."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

"சொல்லுதேன்" என்று போனை வைத்தார்.

ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். சனிக்கிழமை அவர் முறை. ஊருக்காக, யூனிட்டுக்காக, தன் இடுப்புக்காக வேண்டிக்கொண்டவர், முடிக்கும் முன், "அந்த டிரைவர் தம்பிக்கு ஒரு வழியைத் திறந்து கொடும் ஆண்டவரே" என்றார். நான் ஆமென் சொல்லவில்லை. அவரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

பாயைச் சுருட்டி வைக்கும்போது கேட்டார். "ஏட்டி, உனக்கு நிச்சயந்தானா?"

"நிச்சயம்."

"கார்டை மாத்துனவன் உங்கிட்ட ஏன் குடுத்தான்? டேப்பு ஒட்டும்போது பக்கத்துலயே நின்னு சிரிச்சுக்கிட்டில்ல இருந்தான்."

எனக்குக் கோபம் வந்தது. பிரதியைக் கொண்டுவந்து விளக்கின் கீழே வைத்து, இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து அவர் கண்ணுக்கே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். முதலில் நான் வைத்துப் பார்த்தேன்.

எழுத்துகளெல்லாம் சுத்தமான வெள்ளையாக இருந்தன. பத்தாவது எழுத்தின் நடுவில், குறுக்குக் கோடு இருக்க வேண்டிய இடத்தில், பென்சில் கறுப்புக்கு அடியில் வேறொரு நிறம் தெரிந்தது. மஞ்சள். டேப்போடு ஒட்டிக்கொண்டு வந்த சிறு கட்டி. வெறும் தகடு என்று நான் நினைத்தது சந்தனம். வழிந்த பொட்டு பள்ளத்தில் இறங்கி அடைத்துக் காய்ந்திருக்கிறது. நான் அதன் மேலேயே பென்சிலைத் தேய்த்திருக்கிறேன்.

அப்போதுதான் கண்ணாடிக் கூட்டில் இருக்கும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. முதல் டேப் அந்தக் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதென்றால், இரண்டாவது டேப் காலியான பள்ளத்தின் மேல்தான் ஒட்டியிருக்கும். கூட்டைத் திறந்தேன். தாளைப் பிரித்தேன்.

G. குறுக்குக் கோட்டோடு, சந்தேகத்துக்கே இடமில்லாமல் G.

யாராவது புகார் சொன்னால்தான் இரண்டாவது மாதிரியைப் பிரிப்போம் என்று எழுதினேன் அல்லவா. புகார் சொல்ல அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில், என் மடியிலேயே, அவர் பக்கத்து நியாயம் மடித்தபடி வந்திருக்கிறது.

வீட்டுக்காரரிடம் இரண்டு தாள்களையும் கொடுத்தேன். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தம்பிக்கு அடி" என்று போனை என் பக்கம் தள்ளினார்.

"ஏன்க்கா, சாயங்காலம் அம்புட்டு உறுதியாச் சொன்னே" என்றான் தம்பி.

"தப்பாப் பாத்துட்டேன்."

"குரூப்ல போட்டாச்சே. நாலஞ்சு பேரு கட்டை விரல் வேற காட்டிட்டான்."

"ஆள் போட்டாச்சுன்னியே, நிஜமாவா?"

"அது சும்மா சொன்னது. வேலை காலியாத்தான் இருக்கு. நான் கூப்பிட்டுருவேன். ஆனா அவரு வரணும்ல. குரூப்ல இருக்கவனெல்லாம் அவரு கூட ஓட்டுன பயலுக. இன்னேரம் ஒருத்தனாவது அவருக்கு அனுப்பியிருப்பான். பேரைக் கெடுத்த இடத்துக்கு ரோஷமுள்ளவன் வருவானா?"

"அதை அழிச்சுட்டு, நம்பரை நான்தான் தப்பாப் படிச்சேன்னு என் பேரைப் போட்டு எழுது."

"உன் பேரையா? நம்ம சர்ச்சுக்காரங்களே பாதிப்பேரு அதுல இருக்காங்க. பேர் இல்லாம, விசாரிச்சாச்சு, தவறான தகவல்னு போட்டா முடிஞ்சது. நானே அவருக்குப் போன் பண்ணி, இடம் இருக்கு, வாங்கன்னு சொல்லிருதேன். நீ இதுல வந்தேன்னு அவருக்குத் தெரியவே வேண்டாம்."

அவன் எனக்காகத்தான் சொன்னான். ஒரு நிமிடம் அந்த வழி நல்ல வழியாகவே தெரிந்தது. அவருக்கு வேலை கிடைத்துவிடும். காரும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். என் வேண்டுகோளால்தான் வேலை திரும்பக் கிடைத்தது என்று அவர் மனைவி நம்பி, எனக்கு இன்னொரு கொத்து கறிவேப்பிலைகூட அனுப்புவார். அதை எந்த முகத்தோடு வாங்குவேன்.

"என் பேரைப் போடு. போனும் பண்ணாதே. நான் நேர்ல போறேன்."

"இப்பவே போயிட்டு வந்துரட்டுமா" என்று போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"விளக்கு வச்ச பொறவு போய் நின்னா அவிய பதறிப் போவாக. விடியட்டும்."

கறிவேப்பிலை உருவியது பாதியில் கிடந்தது. அதை எடுத்துத் துவையல் அரைக்க மனம் வரவில்லை, தூர எறியவும் முடியவில்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். டைரியில் அன்றைய செலவையும் பஸ் நேரத்தையும் எழுதிவிட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் பால் காய்ச்சவில்லை, மோட்டார் போடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பூக்கூடைகளோடு மூன்று பெண்கள் இருந்தார்கள். சந்துக்குள் நுழைந்தபோது அவர் மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். வாங்க என்று சொல்லவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, செய்தி வந்துவிட்டது.

டிரைவர் உள்ளே இருந்து வந்தார். கையில் போன்.

"ரெண்டும் வந்துச்சு" என்றார். "திருட்டு வண்டிக்காரன்னு போட்டதும் வந்துச்சு. உங்க பேரைப் போட்டதும் வந்துச்சு."

"உங்க வேலை போனதுக்கு நான்தான் காரணம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம தம்பிட்டச் சொல்லிட்டேன்."

"நேத்து அண்ணாச்சிக்கு நான் போன் பண்ணும்போது அக்கா பக்கத்துல இருந்தீகளா?"

"இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அவர் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு தாள்களையும் நீட்டினேன். எந்த இடத்தில் சந்தனம் அடைத்திருந்தது, எது முதலில் எடுத்தது, எது பிறகு எடுத்தது என்று சொன்னேன். அவர் தாள்களை வாங்கிப் பார்க்கவில்லை.

"சந்தனம் இருக்கு, துடைச்சு விடுங்கன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானே துடைச்சிருப்பேனேக்கா. அது சாமி இல்ல. வண்டி நல்லா இருக்கணும்னு வைக்கது."

அவர் காருக்குள் கையை விட்டு லீவரை இழுத்தார். பானட் டக்கென்று விட்டது. அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, கதவில் கிடந்த துணியை ஈரம் பண்ணி என்னிடம் கொடுத்தார்.

"நீங்களே துடைச்சு, நீங்களே பாருங்க."

துணியால் துடைத்தேன். பள்ளத்துக்குள் இருந்த மிச்சம் துணிக்கு வரவில்லை. நகத்தால் நோண்டினேன். வந்துவிட்டது. பத்தாவது எழுத்து யாரும் படிக்கும்படி துலக்கமாக இருந்தது. அவரும் குனிந்து பார்த்தார், பிறகு பானட்டை இறக்கி மூடினார்.

"திங்கக்கிழமை வாரேன்னு உங்க தம்பிட்டச் சொல்லிருங்க" என்றார். "சட்டை தச்சாச்சு. வராட்டா, அவன் பண்ணுனதுதான் போல, அதான் வரலன்னு நாலு பேரு சொல்லுவான்."

"சொல்றேன்."

"வண்டியை உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

சரி என்றேன். அவர் என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிழிந்து கதவில் போட்டார்.

"ராஜபாளையம் பஸ் இப்ப வரும்" என்றார். "வெரசா நடந்தாப் பிடிச்சிரலாம்."